உன் மாத்திரையும் என் வேலிக்கொடியும்

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு மாலை

அன்புள்ள குமரா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மழையைச் சாக்குச் சொல்லலாம், ஆனால் சோம்பல்தான் காரணம். பெருவிரல் இப்போது எப்படி இருக்கிறது? கௌட் என்கிற அந்த மூட்டுவலி வந்த ராத்திரி போர்வை பட்டாலும் உயிர் போகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. எஸ்டேட் திடலில் வெறுங்காலோடு கோல்கம்பத்தை உதைத்துவிட்டு அழாமல் நின்றவன் நீ!

பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் விஷக்கொடி எதற்கு, பிடுங்கிவிட்டாயா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். வேலியில் இருக்கும் செங்காந்தளைப் பிடுங்கவில்லை, பிடுங்கப் போவதும் இல்லை.

ஈப்போவில் ஒரு நர்சரியில் வாங்கிவந்த கிழங்கு அது. நட்டு இரண்டு மாதத்தில் ஆளுயரத்தைத் தாண்டிவிட்டது. பாகல்கொடிக்கு இருப்பதுபோல இதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நூலாக நீண்டு, சுருண்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறது. வேலிக் கம்பி போதாமல் என் கறிவேப்பிலையையும் பிடித்துக்கொண்டது. பூ விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். நாளாக நாளாக நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுச்சிவப்பு. ஆறு இதழும் நெளிந்து பின்பக்கமாக மடங்கி நிற்பதைப் பார்த்தால் அடுப்பில் தீ எரிகிற மாதிரியே இருக்கும். தமிழ் வாத்தியார் கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலிருந்து 99 பூக்களை ஒப்பிக்கச் சொல்வாரே, நினைவிருக்கிறதா? முதல் பூவைச் சொல்லிவிட்டு நீ கூரையைப் பார்ப்பாய். அந்த முதல் பூதான் இது. தமிழ்நாட்டுக்கு மாநில மலர், தூரத்து ஜிம்பாப்வேக்குத் தேசிய மலர்.

சரி, பின்வீட்டு அக்காவோடு நடந்த அந்தக் கிழங்கு விவகாரம். உனக்கு யார் சொன்னார்களோ, பாதிதான் சொல்லியிருக்கிறார்கள்.

காய்த்து முடிந்ததும் கொடி காய்ந்து மண்ணுக்குள் அடங்கிவிடும். பிரித்து நடலாம் என்று தோண்டி எடுத்து, கிழங்குகளைக் குழாயடியில் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனேன். கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பேர், கண்வலிக் கிழங்கு என்றும் சொல்வார்கள். திரும்பி வந்து பார்த்தால் இரண்டைக் காணோம். பின்வீட்டு அக்கா, வள்ளிக்கிழங்கு என்று நினைத்து, தேத்தண்ணிக்கு அவிக்கலாம் என்று எடுத்துப்போயிருக்கிறார். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருந்த காலத்துப் பழக்கம், யார் வீட்டுக் கிழங்கும் எல்லார் வீட்டுக் கிழங்கும்தானே. நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பானை அடுப்பில் ஏறிவிட்டது! இறக்கி, தண்ணீரைக் கொட்டி, கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். மூச்சு வாங்கியதில் காரணம் சொல்ல மறந்துவிட்டேன். ரெண்டு கிழங்குக்கு இத்தனை கஞ்சத்தனமா என்று இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை அவர்.

ஒருவேளை சாப்பிட்டிருந்தால்? நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. இலை, பூ, விதை, கிழங்கு எல்லாமே கொடிய நஞ்சு. வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டவுடனே தெரிவதில்லை என்பதுதான் இதில் பெரிய கொடுமை. சில மணி நேரம் கழித்து வாந்தியும் பேதியும் பிடிக்கும், பிறகு உடம்புக்குள் ஒவ்வொன்றாக அடங்கும். பிழைத்தவர்களுக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொட்டும். முறிக்க என்று தனி மருந்து இல்லை.

இப்போது உன் கதைக்கு வா. வலி வந்தால் போட்டுக்கொள்ளச் சொல்லி டாக்டர் கொடுத்தாரே சின்ன வெள்ளை மாத்திரை, அதன் பேர் கொல்சிசின் என்றுதானே எழுதியிருந்தாய்? அந்த அக்கா பானையில் இருந்த நஞ்சும் அதுதான், குமரா. அளவுதான் வேறு, உன்னுடையது அரை மில்லிகிராம்.

பழனிக்குப் போனபோது தாராபுரம், மூலனூர் பக்கம் வயல் வயலாகக் கம்பிப் பந்தலில் இந்தக் கொடியைப் பார்த்தேன். காலையில் பெண்கள் பூப்பூவாகத் தொட்டுக்கொண்டு போனார்கள். கோயிலுக்குப் பறிக்கிறார்களா என்று கேட்டு அசடு வழிந்தேன். மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கிறார்களாம், அப்போதுதான் காய் நன்றாகப் பிடிக்குமாம். விதையை வியாபாரி வாங்கிப்போக, அதிலிருந்து மருந்து எடுக்கிறார்கள். இன்னொன்றும் கேள். 1937-இல் இதே கொல்சிசினைச் செடிக்குக் கொடுத்தால் அதன் குரோமோசோம் இரட்டிப்பாகும் என்று அமெரிக்காவில் காட்டினார்கள். அப்படி இரட்டிப்பான செடியைச் சாதாரணச் செடியோடு சேர்த்துத்தான் விதையில்லாத தர்பூசணி. பசார் மாலாம் இரவுச் சந்தையில் நீ துண்டு துண்டாக வாங்கித் தின்பாயே, அதுவேதான்.

உன் மூட்டில் யூரிக் அமிலம் ஊசி ஊசியாகப் படிகிறது. அதைத் தாக்க வெள்ளை அணுக்கள் கூட்டமாக ஓடி வருவதால்தான் வீக்கமும் வலியும். மாத்திரை அந்த ஓட்டத்தைத் தடுக்கிறது, அமிலத்தைக் குறைப்பதில்லை. அதனால் அமிலத்தைக் கூட்டும் நெத்திலி சம்பலையும் ஆட்டு ஈரலையும் விட்டுவிடு. வலி தாங்கவில்லை என்று ஒன்றுக்கு மூன்றாக விழுங்கும் வேலை வேண்டாம். உனக்கு அந்தப் புத்தி உண்டு, எனக்குத் தெரியும். வயிறு கலக்கினால் டாக்டரிடம் சொல். வேறு கிளினிக்கில் இருமலுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதினால், இதைச் சாப்பிடுகிறேன் என்று முதலில் சொல்லிவிடு. சில ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால் இது உடம்பிலேயே தேங்கிவிடும்.

பேரப்பிள்ளைகள் பயம் எனக்கும் உண்டு. அதனால் கொடியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வலை அடித்திருக்கிறேன். காய் முற்றிச் சிவப்பு விதை தெரியும் முன்னே பறித்துவிடுகிறேன். கிழங்கைத் தொட்டால் கையுறைதான்.

அப்புறம் அக்காவுக்கு அவர் மகள் கைப்பேசியில் படம் காட்டி விளக்கியிருக்கிறாள். ஒரு டப்பா முறுக்கு வந்தது. இப்போது எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க, “வாத்தியார் வீட்டில் விஷம் வளர்க்கிறார்” என்பது அவர் பிரசாரம்தான். பிள்ளைகள் என் கேட்டைத் தாண்டும்போது ஓடுகிறார்கள்.

நம் பழைய லயத்தை இடித்துவிட்டார்கள், அது மட்டும் சொல்ல மறந்தேன். ரப்பர் பால்மரம் இருந்த இடமெல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. ஏழாம் நம்பர் வீட்டு வாசல்படி மட்டும் புல்லுக்குள் கிடக்கிறது.

தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாய். கொடி அப்போது பூத்திருக்கும், வாசலில் நாற்காலி போட்டு உட்காரலாம். மாத்திரையை மறக்காமல் எடுத்து வா, ராத்திரி இரண்டு மணிக்கு இங்கே கிளினிக் திறந்திருக்காது.

அன்புடன்,
சேகர்