லாரி ஓட்டுநர் இருக்கைச் சீரமைப்பில் குறைபாடு: புகார் கடிதம்

அனுப்புநர்
லாரி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாகன இருக்கைச் சீரமைப்புப் பிரிவு,
தஞ்சாவூர் கிளை.

பொருள்: ஓட்டுநர் இருக்கையை முழுமையாகச் சீரமைத்ததாகத் தொகை பெற்றுக்கொண்டு, அடிப்பாகத்தைத் தொடாமலே திருப்பித் தந்தது குறித்து.

ஐயா,

வணக்கம். பழைய பத்துச் சக்கர லாரி ஒன்றை வாங்கி, அதை நானே ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றி வருகிறேன். வாங்கும்போதே ஓட்டுநர் இருக்கை அமுங்கி, கதவுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. குறுவை அறுவடை தொடங்கிவிட்டால் வண்டியை நிறுத்த முடியாது என்பதால், ஆவணி மாதத்திலேயே தங்கள் கிளையில் சீரமைக்கக் கொடுத்து, ‘இருக்கை முழுச் சீரமைப்பு’ என்று எழுதப்பட்ட ரசீதுக்குரிய தொகை முழுவதையும் செலுத்தினேன். குறுவை நெல் ஏற்றி முடிவதற்குள் இருக்கை பழைய நிலைக்கே திரும்பிவிட்டது.

வண்டியை ஒப்படைத்த அன்று நான் சொன்னதை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். இந்த லாரியின் முந்தைய உரிமையாளர் வேதாரண்யத்திலிருந்து உப்பு ஏற்றி ஓட்டியவர். உப்புச் சரக்கும் கடற்காற்றும் பட்ட வண்டியில் இரும்பு என்ன கதிக்கு ஆளாகும் என்பதைத் தங்கள் பட்டறையில் உள்ளவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கேபின் தரைத்தகடும் கதவின் கீழ்விளிம்பும் துருவேறியிருப்பதைக் காட்டி, இருக்கைக்கு அடியிலும் இப்படித்தான் இருக்கும், ஃபோமை முழுவதும் எடுத்துவிட்டு ஃபிரேமைப் பாருங்கள், வெல்டிங் வைக்க வேண்டியிருந்தால் அதற்கான கூடுதல் செலவையும் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். தங்கள் ஊழியரும் வேலை அட்டையில் ‘ஃபிரேம் சோதனை’ என்று எழுதிக்கொண்டார். அதன் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

இருக்கை மீண்டும் அமுங்கியதும், மன்னார்குடியில் உள்ள ஒரு குஷன் கடையில் என் கண்முன்னே அதைப் பிரிக்கச் செய்து, ஒவ்வொரு நிலையிலும் புகைப்படம் எடுத்தேன். மேலே தங்கள் நிறுவனம் போட்ட புதிய ரெக்சின் இருந்தது. தையலில் குறை இல்லை. அதற்கு அடியில் ஒரு மெல்லிய, மிருதுவான புது ஃபோம் தாள். அதற்கும் அடியில் அதே பழைய ஃபோம், மாற்றப்படாமல், நடுவில் குழி விழுந்தபடியே இருந்தது. அதைத் தூக்கிப் பார்த்தபோது, கதவுப் பக்கத்து வளைவு ஸ்பிரிங்குகள் கொக்கியிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு ஸ்பிரிங் ஒடிந்து, அதன் முனை ஃபோமை அடியிலிருந்து அறுத்துக்கொண்டு மேலேறியிருந்தது. ஃபிரேமின் பின்மூலையில் பழைய வெல்டிங் விட்டுப்போய், விரிசலுக்குள்ளும் துரு படிந்திருந்தது. அந்தத் துரு ஒரு பருவத்தில் வந்ததாக இருக்க முடியாது. அதாவது, ஆவணியில் வண்டி தங்கள் பட்டறையில் நின்றபோதும் அந்த விரிசல் அங்கேதான் இருந்திருக்கிறது. இருக்கையைத் திறந்தவர் எவராயினும் அது கண்ணில் படாமல் போயிருக்காது. அடித்தளம் சரிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துத் தந்ததைப் போன்ற இந்த வேலைக்கு ‘முழுச் சீரமைப்பு’ என்று ரசீது எழுதியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டு லாரிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். வலப்பக்கக் கதவு வழியாகவே ஏறி இறங்குகிறார். ஒவ்வொரு முறையும் உடலின் முழு எடையும் முதலில் இருக்கையின் வலது ஓரத்தில்தான் விழுகிறது. அதனால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கும் கொக்கியும் முதலில் தளர்வது இயல்பு. கதவுப் பக்கம் சாய்ந்த இருக்கை ஒன்று பட்டறைக்கு வந்தால், பழுது ஃபோமில் மட்டும் இல்லை, அதன் அடியிலும் இருக்கிறது என்பதை அந்தச் சாய்வே காட்டிவிடும். ஸ்பிரிங் தாங்காத இடத்தில் எத்தனை கனமான ஃபோமைப் போட்டாலும் அது கீழே உள்ள பள்ளத்தின் வடிவத்துக்கே போய்ச் சேரும்.

ஃபோமைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரசீதில் ‘40 டென்சிட்டி’ என்று எழுதப்பட்டுள்ளது. ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை 40 கிலோ என்பதே அதன் பொருள். வாங்குபவர் கையால் அழுத்திப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் அழுத்தும்போது தெரியும் கடினமும் டென்சிட்டியும் வேறு வேறு. ஆனால் நீள, அகல, உயரம் அளந்து தராசில் வைத்தால் தெரிந்துவிடும். தங்கள் நிறுவனம் போட்ட தாளை வெட்டி அப்படியே எடை போட்டுப் பார்த்தோம். ரசீதில் சொன்ன எடைக்கு அருகில்கூட அது வரவில்லை. அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தங்கள் முன்னிலையில் மீண்டும் எடை போட்டுக் காட்டவும் தயாராக இருக்கிறேன்.

இருக்கை உட்காருவதற்கான வசதி மட்டும் அன்று என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். கொள்முதல் நிலையங்களிலிருந்து 40 கிலோ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சேமிப்புக் கிடங்குகளுக்கும், நீடாமங்கலம் ரயில் நிலையத்தில் நிற்கும் சரக்கு ரயிலுக்கும் போகிற வழியில் பாதி, ஆற்றங்கரைச் சாலைதான். பாமணியாற்றங்கரையிலும் கோரையாற்றங்கரையிலும் பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. எதிரே டிராக்டரோ கதிர் அறுக்கும் எந்திரமோ வந்தால், இடது முன்சக்கரத்தைக் கரையின் ஓரம் வரை இறக்கித்தான் வழிவிட வேண்டும். இருக்கை அமுங்கினால் ஓட்டுநரின் கண்மட்டமும் இறங்குகிறது. கண்மட்டம் இறங்கினால் வண்டியின் முன்னும் இடப்பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத பகுதி கூடுகிறது. உயரத்துக்கு ஏற்பத் திருப்பி வைத்த பக்கக் கண்ணாடியும் வேறு எதையோ காட்டுகிறது. மழையில் ஊறிய கரையில் அந்த ஓரத்தைப் பார்க்க முடியாமல், முழு பாரத்தோடு அனுமானத்தில் சக்கரத்தை இறக்குவது என்னவென்று வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

கிளட்சைக் கடைசிவரை மிதிக்க முதுகுக்குப் பின்னால் ஊன்றுதல் வேண்டும். குழிக்குள் அமர்ந்திருப்பவரால் முழுவதும் மிதிக்க முடிவதில்லை. அரைகுறையாக மிதித்து கியர் மாற்றினால் கிளட்ச் பிளேட் தேய்கிறது. இடது தொடையும் இடுப்பும் வலி எடுக்கின்றன. சாலையின் குலுக்கலில் விநாடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை வரையிலான செங்குத்து அதிர்வுகளே உட்கார்ந்திருக்கும் மனித உடலை அதிகம் பாதிப்பவை என்பது அதிர்வைப் பற்றிய ஆய்வுகளில் நிறுவப்பட்ட செய்தி. அதைத் தணிக்க வேண்டிய ஸ்பிரிங் கழன்றுவிட்டால், குலுக்கல் நேரே முதுகுத்தண்டுக்குப் போகிறது. இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, தங்கள் பட்டறையில் இருக்கையைத் திரும்பப் பொருத்தியபோது, அதை முன்னும் பின்னும் நகராமல் நிறுத்தும் ஸ்லைடு பூட்டைச் சரியாக விழவைக்காமல் விட்டது. பிரேக்கை அழுத்தும்போது இருக்கை முன்னோக்கி நகர்கிறது.

தொலைபேசியில் தங்கள் கிளையில் எனக்குச் சொன்ன பதில் இரண்டு: பழைய வண்டி என்றால் இருக்கை அமுங்கத்தான் செய்யும், உத்தரவாதம் ரெக்சினுக்கு மட்டுமே. பழைய வண்டி என்பதால்தானே பழுதுபார்க்கக் கொண்டுவந்தேன்? ரெக்சினுக்கு மட்டும்தான் உத்தரவாதம் என்பது ரசீதின் எந்த மூலையிலும் அச்சிடப்படவில்லை. பணம் வாங்கும்போது யாரும் சொல்லவும் இல்லை. ஃபிரேம் பழுதாக இருக்கிறது, இதற்கு மேல் எங்களால் செய்ய இயலாது என்று அன்றே சொல்லியிருந்தால், வேறு பட்டறைக்குப் போயிருப்பேன், வருத்தமும் இருந்திருக்காது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஃபிரேமின் விரிசலைத் துரு நீக்கி வெல்டிங் செய்து, ஸ்பிரிங்குகளையும் கொக்கிகளையும் புதிதாக மாற்றி, ரசீதில் எழுதிய 40 டென்சிட்டி ஃபோமை முழு உயரத்துக்கும் போட்டு, ஸ்லைடு பூட்டையும் சரிசெய்து தர வேண்டும். ரெக்சின் மூடப்படுவதற்கு முன் ஒவ்வொரு கட்டத்தையும் நான் பார்க்க அனுமதிக்க வேண்டும். வெல்டிங்குக்கு நான் அன்று ஒப்புக்கொண்ட கூடுதல் செலவை இப்போதும் தருகிறேன்; மற்றவை நான் ஏற்கெனவே பணம் கொடுத்த வேலைகள். இதற்கு உடன்பாடு இல்லையெனில், ரசீதுத் தொகையை முழுவதும் திருப்பித் தாருங்கள், வேறிடத்தில் செய்துகொள்கிறேன்.

லாரி வணிக வாகனம் ஆயிற்றே, நுகர்வோர் என்று எப்படிக் கேட்கலாம் என்ற பேச்சும் அந்தத் தொலைபேசி உரையாடலில் வந்தது. ஒருவர் சுயதொழில் மூலம் தம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் ‘வணிக நோக்கம்’ என்பதில் சேராது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(7) பிரிவுக்கான விளக்கம் கூறுகிறது. என்னிடம் இருப்பது இந்த ஒரு வண்டி, ஓட்டுவதும் நானே. நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடவும் அச்சட்டம் இடம் தருகிறது. அந்த வழிக்குப் போகும் எண்ணத்தோடு இக்கடிதத்தை எழுதவில்லை. ஆனால் 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் எனக்கு வேறு வழி இருக்காது.

தை பிறந்ததும் சம்பா அறுவடை தொடங்கி, வண்டிக்கு ஓய்வு இல்லாமல் போய்விடும். மார்கழிக்குள் எந்த நாளில் வண்டியைக் கொண்டுவர வேண்டும் என்று குறிப்பிட்டால், அன்று காலையிலேயே நானே ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

இணைப்பு: ரசீது நகல், வேலை அட்டை நகல், இருக்கையைப் பிரித்தபோது எடுத்த புகைப்படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லாரி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்