வெள்ளை ஓநாயும் கோட்டை மான்களும்

திருகோணமலை
ஆடி மாதம், ஞாயிறு மாலை

அன்பின் தோழிக்கு,

உன் கடிதமும் அதனோடு நீ அனுப்பிய நான்கு படங்களும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்துவிட்டது. காலையில் முற்றத்தில் தானே பூப் பறிக்கிறார். கச்சான் காற்று மூன்று வாரமாக ஓயாமல் வீசுவதால் வேப்பிலைகளில் பாதி வீட்டுக்குள்தான் கிடக்கின்றன. மற்றச் செய்திகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இன்று முழுக்க உன் ஓநாயைப் பற்றியே எழுதவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மகனோடு விளையாட வாங்கிய மேசை விளையாட்டுப் பெட்டியிலிருந்த அந்தச் சிறு பிளாஸ்டிக் ஓநாய் உருவத்துக்கு வெள்ளை பூசி, மனம் நிறையாமல் திரும்பத் திரும்பப் பூசி, நான்காவது பூச்சோடு கைவிட்டதாக எழுதியிருக்கிறாய். "சுண்ணாம்பு அடித்த மதில்போல் இருக்கிறது" என்ற உன் வரியை வாசித்தபோது, நான் முதன்முதலாகப் பூசிய பனிக்கரடி நினைவுக்கு வந்தது. அதற்கும் இதே கதிதான். பூச்சுக்குமேல் பூச்சு ஏறியதில் உரோமத்தின் பள்ளங்கள் அடைபட்டு, சிற்பி செதுக்கிய கோடுகளெல்லாம் மறைந்துபோயின. வெள்ளை விலங்கு என்றதும் கை தானாக வெள்ளைக் குப்பியைத் தேடுகிறது. சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. தூய வெள்ளையை முதலிலேயே பூசிவிட்டால் அதற்குமேல் வெளிச்சம் காட்ட எந்தக் குப்பியிலும் வர்ணம் இல்லை. வெளிச்சம் காட்ட முடியாதபோது உடம்பின் திரட்சியும் மயிரின் அடர்த்தியும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதை எனக்கு விளக்கியவை கோட்டை மான்கள். பாடசாலை விட்டதும் பிரட்ரிக் கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு நாம் ஏறிய வழியில் அவை இன்றும் படுத்திருக்கின்றன. சென்ற மாதம் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கும், அதே நாள் நண்பகலுக்குச் சற்று முன்பும் போய், அந்தக் கூட்டத்தை நின்று பார்த்தேன். புள்ளிமானின் தொண்டையும் அடிவயிறும் தொடைகளின் உட்புறமும் வாலின் அடியும் வெள்ளை என்று நமக்குத் தெரியும். ஆனால் அன்று என் கண்ணுக்கு வந்தது வெள்ளை அன்று. காலையில் அடிவயிறு நீலம் கலந்த சாம்பலாக இருந்தது. நண்பகலில் தரையில் பட்டுத் தெறித்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு, பால் கூடிய வெளிறிய தேநீரின் நிறத்துக்கு மாறியிருந்தது. மெய்யான வெள்ளை, காதின் ஓரத்திலும் தொண்டையில் வெயில் நேரே பட்ட ஒரு விரற்கடை அகலத்திலும் மட்டுமே இருந்தது. அந்தச் சிறு துண்டைப் பார்த்துத்தான் மனம் மீதி முழுவதையும் வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்கு வந்ததும், பூசி முடித்திருந்த கரடியை அலுமாரியிலிருந்து எடுத்து மீண்டும் தொடக்கத்திலிருந்து பூசினேன்.

ஆகவே உன் ஓநாயைச் சாம்பல் நிற விலங்கு என்றே எண்ணிக்கொள். வெள்ளையில் மண்ணிறம் ஒரு துளியும் கறுப்பு ஊசிமுனை அளவும் கலந்தால், உலர்ந்த எலும்பைப் போன்ற ஒரு வெளிர்நிறம் கிடைக்கும். அதுதான் உனக்கு அடிநிறம். தட்டில் பார்க்கும்போது "இது மிகவும் இருட்டாக இருக்கிறதே" என்று அச்சம் வரும். அந்த அச்சத்துக்கு இடம் கொடுக்காதே. அதை ஆடை நீக்கிய பாலின் பதத்துக்கு நீர் சேர்த்து இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசு. முதற்பூச்சு திட்டுத்திட்டாகத்தான் நிற்கும். அது நன்றாகக் காய்ந்தபின் இரண்டாவதைப் பூசினால் சீராகிவிடும்.

அதற்குமுன், வர்ணம் பிடித்து நிற்கப் போடும் அடிப்பூச்சான பிரைமரைப் பற்றி ஒரு சொல். கறுப்புப் பிரைமரின்மேல் வெளிர்நிறம் ஏற மறுக்கும். வெளிர்சாம்பலோ எலும்பு நிறமோ போதும். இங்கே மாரி காலத்தில், வாடைக் காற்றின் ஈரத்தில் ஸ்பிரே பிரைமரை அடித்தால் மேற்பரப்பு மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகிவிடுகிறது என்பதால், நான் தூரிகையால் பூசும் பிரைமரையே வைத்திருக்கிறேன். உங்கள் ஊரின் உறைகுளிரும் ஸ்பிரேக்கு ஆகாது. குளிர்காலத்துக்கு நீயும் தூரிகைப் பிரைமர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்.

வெள்ளை வர்ணம் ஏன் இப்படிச் சுண்ணாம்பாகிறது என்று கேட்டிருந்தாய். இன்றைய வெள்ளைக்கு நிறம் கொடுப்பது பெரும்பாலும் டைட்டேனியம் டையொக்சைட்டு என்ற தூள். அந்தத் தூள் மிகுதியாகச் சேர்வதால் வர்ணம் தடிப்பாகி, காயும்போது மாவுத்தன்மை காட்டுகிறது. இதில் நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. வடக்கே புல்மோட்டைக் கடற்கரையில் அள்ளப்படும் கனிய மணலில் இருக்கும் இல்மனைற்று, ரூட்டைல் ஆகிய இரண்டும் டைட்டேனியத்தின் தாதுக்கள். இல்மனைற்று கன்னங்கரேலென்று இருக்கும். அந்தக் கருமணலைப் போன்ற ஒன்றிலிருந்துதான் இந்த வெள்ளை பிறக்கிறது என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. எப்படியிருந்தாலும், வெள்ளையைத் தொடுமுன் குவளை நீரை மாற்று. அதற்கென்று ஒரு தூரிகையைத் தனியாக வைத்துக்கொள்.

அடிநிறம் காய்ந்ததும் வருவது வாஷ் என்று விற்கப்படும் நீர்த்த நிழல்வர்ணம். தொடக்கநிலையில் உள்ளவர்கள் அதைக் குப்பியிலிருந்து நேரே பூசிவிடுகிறார்கள். வெளிர் உரோமத்துக்கு அது கடுமையாகிவிடும். ஒரு பங்கு வாஷுக்கு இரண்டு மூன்று பங்கு அக்ரிலிக் மீடியம் என்ற நிறமற்ற கலவைத் திரவம் சேர்த்துக்கொள். வெறும் நீரை மட்டும் சேர்த்தால், தேநீர்க் கோப்பை வைத்த இடத்தில் விழும் வட்டக் கறையைப் போல ஓரங்களில் கோடு படியும். கலந்ததை உடம்பெங்கும் தடவி, பள்ளங்களில் இறங்க விடு. வயிற்றின் கீழும் கால்களின் இடுக்கிலும் குளமாகத் தேங்கினால், ஈரமான சுத்தத் தூரிகையின் நுனியால் உறிஞ்சி எடு. பிறகு முழுவதும் காயும்வரை தொடவே கூடாது. பாதி காய்ந்த வாஷின்மேல் கை வைத்தால் அது தோலாக உரிந்து வரும். அரைமணி நேரத்தை மகனோடு வேறு வேலையில் கழித்துவிட்டு வா. இந்தக் கட்டத்தில் ஓநாய் அழுக்காகத் தெரியும். பலர் இங்கே மனம் தளர்ந்து, மீண்டும் வெள்ளையால் மூடிவிடுகிறார்கள். நீ மூடாதே.

அடுத்து உலர்தூரிகை. இதற்கு விலையுயர்ந்த தூரிகை வேண்டாம். முகத்துக்குப் பவுடர் பூசும் மென்மையான வட்டத் தூரிகையின் சிறிய வகை போதும். தந்தநிறத்தைத் தூரிகையில் தொட்டு, காகிதத் துவாயில் துடைத்து, இனி ஒன்றுமில்லை என்று தோன்றும்வரை துடைத்தபின், உன் பெருவிரல் ரேகையின்மேல் ஒருமுறை தேய்த்துப் பார். ரேகைகள் மட்டும் மெல்ல வெளுத்தால் பதம் சரி; விரல் முழுவதும் வெளுத்தால் இன்னும் துடைக்கவேண்டும். மயிர் ஓடும் திசைக்குக் குறுக்காக, தூசி தட்டுவதைப்போல வீசு. மேடுகள் மட்டும் வர்ணத்தை வாங்கிக்கொள்ளும். பள்ளங்களில் நிழல் நிற்கும். முதற்சுற்று உடம்பின் பெரும்பகுதிக்கும், இன்னும் வெளிறிய இரண்டாம் சுற்று தோள், முதுகு, நெற்றி ஆகியவற்றுக்கும் போகட்டும். தூய வெள்ளை கடைசியாக, பிடரி மயிரின் நுனியிலும் புருவ மேட்டிலும் காதோரத்திலும் வாலின் முனையிலும் மட்டும் வரட்டும். கை தவறி மாவுபோல் படிந்துவிட்டால், அடிநிறத்தை மிக நீர்க்கக் கரைத்து மேலே ஒருமுறை ஓடவிட்டால் அடங்கிவிடும். உன் பெட்டியில் உள்ள நரியின் உடம்பு வழவழப்பாக இருப்பதைப் படத்தில் கண்டேன். அதற்கு உலர்தூரிகை உதவாது. நுண்தூரிகையால் வேரிலிருந்து நுனிக்கு, மயிர் வளரும் திசையிலேயே சிறுசிறு கோடுகளாக இழுக்கவேண்டும். அது பொறுமையான வேலை. ஓநாய் முடிந்த பிறகு தொடங்கு.

இத்தகைய சிற்றுருவங்களையும் அவற்றுக்கான வர்ணங்களையும் விற்கும் கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனம் 2019 இல் கொண்டுவந்த கொன்ட்ராஸ்ட் வகை வர்ணத்தைக் கடைக்காரர் பரிந்துரைத்ததாகவும் எழுதியிருந்தாய். எலும்புநிறப் பிரைமரின்மேல் அது அடிநிறத்தையும் நிழலையும் ஒரே பூச்சில் தருவது உண்மைதான். நேரம் இல்லாதபோது நானும் பயன்படுத்துவேன். ஆனால் முதல் இரண்டு விலங்குகளையாவது நிழலைத் தனியாகப் பூசிப் பழகு. எது எங்கே தேங்குகிறது என்பதைக் கை அப்போதுதான் அறிந்துகொள்ளும்.

நிழலுக்கு மண்ணிறமா நீலச்சாம்பலா என்பதை விலங்கு எங்கே நிற்கிறது என்பதை வைத்து முடிவுசெய். எங்கள் கோயில் ரிஷப வாகனத்துக்கு முன்பொருமுறை புதிதாக வர்ணம் பூசியபோது, அலைதாடியின் மடிப்புகளில் அந்தக் கலைஞர் இளநீலத்தை இழுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அருகில் பார்த்தால் நீலக் கோடு. வீதியில் வாகனம் எழுந்து வந்தபோது பாலைவிட வெண்மையான காளை. பனியிலும் நிலவிலும் நிற்கும் ஓநாய்க்கு அந்த நீலம் பொருந்தும். ஆனால் பனிக்கரடிக்கு நான் மண்மஞ்சளையே பூசுவேன். அதன் மயிருக்குச் சொந்த நிறமே கிடையாது. உள்ளே வெறுமையான, நிறமற்ற குழலாக இருந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. அடியில் தோலோ கறுப்பு. எண்ணெய் ஊறிய மயிர் மஞ்சளாகவும் தெரியும் என்பதால், நீலநிழல் பூசிய கரடி எனக்குப் பொம்மையாகவே படுகிறது.

மூக்கையும் உதட்டையும் கறுப்பாலே பூசு, கண்ணைச் சுற்றி ஒரு கருங்கோடு இடு. அவை வந்த கணத்தில் உரோமம் ஒரு படி வெளுத்ததுபோல் தோன்றும். பாதத்தில் சிறிது சேறு இருக்கட்டும். அடித்தட்டு முழுவதையும் பனியாக மூடாதே. வெள்ளையின்மேல் வெள்ளை நின்றால் ஓநாய் கரைந்துபோகும். கருமண்ணும் காய்ந்த புல்லும் வைத்து, ஓர் ஓரத்தில் மட்டும் பனியைத் தூவு. இறுதியில் மினுங்காத வார்னிஷ்.

இப்போதுள்ள ஓநாயை எறிந்துவிடாதே. ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அந்த நான்கு பூச்சும் கழன்று வரும். அசிற்றோனையும் தின்னரையும் கிட்டக் கொண்டுபோகாதே, பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

நாளை தபாலில் ஒரு சிறு பெட்டி அனுப்புகிறேன். அதில் பஞ்சு சுற்றிய ஓநாய் ஒன்று இருக்கும். அதன் வலப்பக்கத்தைக் கடைசி வெள்ளைப் புள்ளிவரை முடித்திருக்கிறேன். இடப்பக்கத்தை வாஷோடு, அந்த அழுக்குக் கோலத்திலேயே நிறுத்தியிருக்கிறேன். உன்னுடையதைப் பூசும்போது இரண்டு பக்கங்களையும் திருப்பித் திருப்பிப் பார். அதன் இடப்பக்கத்தை மட்டும் நீ முடித்துவிடாதே. அது அப்படியே இருக்கட்டும். மகனுக்கு என் அன்பைச் சொல்.

உன் அன்புத் தோழி