செயலாளர் அங்கிளுக்கு, மோட்டர் அறை நாய் விஷயமாக

அன்புள்ள அங்கிள்,

லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் ஒட்டிய அறிவித்தலைப் பார்த்தேன். தரைத்தளத்துத் தண்ணீர் மோட்டர் அறையில் குட்டி போட்ட நாயை ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அப்புறப்படுத்த வேண்டுமாம். யார் அப்புறப்படுத்துவது, எங்கே கொண்டுபோவது என்று ஒரு வரியும் இல்லை. கூட்டத்தில் எழும்பிக் கதைக்கலாம். ஆனால் நான் வாய் திறந்தால் வாகனத் தரிப்பிடச் சண்டையும் கூடவே எழும்பும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் கடிதம். உங்களுக்கு எழுதுவதைப் பொதுவில் போடுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற ஒழுங்கைகளில் எத்தனையோ படிக்கட்டுகளின் கீழ் இதே கதை நடக்கிறது, வாசிப்பவர்களுக்கும் உதவட்டும்.

கேட்கப் போவதை முதலே சொல்லிவிடுகிறேன். குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகும்வரை அவளை அந்த அறையை விட்டு அசைக்க வேண்டாம். அறிவித்தலில் ஞாயிற்றுக்கிழமையை வெட்டிவிட்டு மார்கழி என்று போடுங்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் மாடியிலிருந்து வந்த முறைப்பாடு "கடிக்க வருகிறது" என்பது. நான் அந்த வாசலில் நிறைய நேரம் இருந்திருக்கிறேன், அங்கிள். அவள் வருவதில்லை, பின்னால் போகிறாள். கதவைத் திறந்தவுடன் மோட்டருக்கும் சுவருக்கும் இடையில் உடம்பைத் திணித்துக்கொள்வாள். வால் வயிற்றுக்கு அடியில் போய்விடும், காது இரண்டும் தலையோடு ஒட்டிவிடும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் நம் பக்கம் வைத்திருப்பதால் கண்ணின் வெள்ளை பிறை மாதிரித் தெரியும். உதட்டை நக்கிக்கொண்டே இருப்பாள். அதையும் தாண்டி ஆள் உள்ளே போனால்தான் உறுமல். அந்த அறைக்கு இருப்பது ஒரே கதவு, அந்தக் கதவை அடைத்துக்கொண்டு நிற்பது நாங்கள். பின்னால் குட்டிகள். அவள் வேறு என்ன செய்ய முடியும்? பயந்த நாய் கடிக்காது என்று நான் சொல்ல வரவில்லை. போக வழி இல்லாமல் மூலையில் மடக்கினால் நிச்சயம் கடிக்கும். அதனால்தான் மடக்க வேண்டாம் என்கிறேன்.

ஒன்று கவனித்தேன். மோட்டர் திடீரென்று ஓடத் தொடங்கும்போது நானே திடுக்கிடுகிறேன், அவள் தலையைக்கூடத் தூக்குவதில்லை. ஆனால் செக்கியூரிட்டி அண்ணை வெளியே தும்புக்கட்டையைச் சுவரில் சாய்த்து வைக்கிற சின்னச் சத்தத்துக்கு நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடுகிறாள். எங்கேயோ, யாரோ, அதால் அடித்திருக்கிறார்கள். அண்ணையிடம் சொன்னேன். பாவம், அவர் அதிர்ந்துபோய் இப்போது தும்புக்கட்டையைத் தன் கதிரைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்.

பழக்கும் விதம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கதவுக்கு வெளியே, பக்கவாட்டாக, அவளைப் பார்க்காமல் நிலத்தில் இருப்பேன். அவித்த கோழி ஈரலைச் சின்னத் துண்டுகளாக உள்ளே உருட்டிவிட்டு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் நான் போன பிறகுதான் தின்றாள். பிறகு நான் இருக்கும்போதே தின்னத் தொடங்கினாள், எழும்பினால் மட்டும் ஓட்டம். இப்போது என் செருப்புக்கு ஒரு முழம் வரைக்கும் வந்து எடுக்கிறாள். கையை நீட்டிப் பார்க்க எனக்கும் ஆசைதான், ஆனால் நீட்டவில்லை. இதில் அவசரப்பட்டால் ஒரே இரவில் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு இடம் மாற்றிவிடுவாள். மாற்றுகிற இடம் பெரும்பாலும் கானாக இருக்கும். ஐப்பசி மழையில் எங்கள் ஒழுங்கைக் கான் எப்படி நிரம்பும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

குட்டிகள் ஐந்து. இப்போதுதான் கண் திறந்திருக்கிறது, அதுவும் பாதி. பிறந்து பத்து முதல் பதினான்கு நாளில் கண் திறக்கும், காது கேட்கத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்த நேரம்தான். முதல் இரண்டு கிழமை தங்கள் உடம்புச் சூட்டைத் தாங்களே வைத்திருக்க அவற்றால் முடியாது, தாயின் வயிறுதான் அடுப்பு. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: இந்த வயதில் அவை தானாக மூத்திரம்கூடப் போகாது. தாய் ஒவ்வொன்றையும் மூக்கால் புரட்டிப்போட்டு அடிவயிற்றை நக்கினால்தான் போகும், போனதையும் அவளே நக்கித் துடைத்துவிடுகிறாள். அந்த அறையில் நாற்றமே இல்லையே என்று நீங்கள் கேட்டீர்களாம். அதுதான் காரணம்.

ஆகவே "குட்டிகளை மட்டும் ஒரு பெட்டியில் போட்டு எங்காவது கொடுத்துவிடலாம்" என்று முதலாம் மாடித் தம்பி சொன்னது நல்ல மனதோடுதான், ஆனால் நடக்காது. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும், புட்டியில் பால் கொடுக்க ஆள் வேண்டும். எங்கள் வீட்டுப் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் வயிற்றோட்டம் பிடிக்கும், அந்த உடம்புக்கு அது போதும் சாக. விலங்குக் காப்பகங்கள் சிலவற்றைக் கேட்டேன். எங்கும் இடமில்லை, அவர்களையும் குறை சொல்ல முடியாது. இடம் இருந்தாலும் ஊசி போடாத பச்சைக் குட்டியை நிறைய நாய்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் ஒன்றே போதும். மிச்சமிருப்பது மீன் சந்தை, விகாரை வாசல், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அதை நீங்கள் செய்யச் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் "அப்புறப்படுத்தவும்" என்று எழுதிவிட்டு எங்கே என்று எழுதாமல் விட்டால், யாரோ ஒருவர் அதைத்தான் செய்வார்.

நீங்கள் கொழும்புக்கு வேலைக்கு வந்த காலத்தில் நாய் பிடிக்கிற வண்டி ஒழுங்கை ஒழுங்கையாக வந்ததை நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். விசர்நாய்க்கடிச் சட்டம் 1893 இல் வெள்ளைக்காரன் போட்டது. அன்றிலிருந்து பிடித்தார்கள், கொன்றார்கள். நாய் குறைந்ததா? 2006 இல் அரசு கொல்வதை நிறுத்தச் சொன்னது. அடுத்த வருஷமே மாநகர சபையும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து கொழும்பில் தடுப்பூசியும் கருத்தடையும் போடும் வேலையைத் தொடங்கின. காரணம் மனிதாபிமானம் மட்டும் இல்லை, கணக்கும்தான். ஓர் இடத்தில் ஒரு நாய் இருப்பது அங்கே சாப்பாடு இருப்பதால். எங்கள் கேற்றுக்கு முன்னால் குப்பைப் பைகள் விடியும்வரை கிடக்கிற மட்டும், இவளைத் துரத்தினால் மரைன் டிரைவிலிருந்து வேறொன்று வந்து படுக்கும். அது ஊசி போடாததாக இருக்கும், கருத்தடை செய்யாததாகவும் இருக்கும். பெட்டை நாய்க்கு வருஷத்தில் இரண்டு பருவம், கர்ப்பம் ஒன்பது கிழமை. மிச்சத்தை நீங்களே கூட்டிப் பாருங்கள், கணக்காளராக இருந்தவர் நீங்கள். கருத்தடை செய்த ஒரு நாய் ஒழுங்கையில் இருந்தால், புதிதாக வரும் நாயை அது லேசில் உள்ளே விடாது.

விசர்நாய்க்கடிப் பயத்தை நான் சின்ன விஷயமாக எடுக்கவில்லை. 1973 இல் இந்த நாட்டில் 377 பேர் அந்த நோயால் இறந்தார்கள். இப்போது அது வருஷத்துக்குச் சில பத்துப் பேர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது என்றால், அதற்குக் காரணம் நாய்களுக்குப் போட்ட தடுப்பூசியும் கடிபட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியும். நூற்றுக்கு எழுபது நாய்க்கு ஊசி ஏறினால் நோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்கிறார்கள். அந்த எழுபதில் ஒன்றாகப் போகிறவள் எங்கள் மோட்டர் அறையில் படுத்திருக்கிறாள், அவளைப் போய்த் துரத்துவதா?

எதற்கும் இதையும் சொல்லிவைக்கிறேன், பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு. கடிபட்டால், கீறல் என்றாலும், உடனே சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடித்த நாய் எது, அது இப்போது எங்கே, ஊசி போட்டதா என்று அங்கே கேட்பார்கள். கண் முன்னால் இருக்கிற நாயைப் பதினான்கு நாள் கவனித்துச் சொல்லலாம். துரத்திவிட்ட நாயைப் பற்றி என்ன சொல்வது? பிள்ளைக்குத்தான் முழுக்க ஊசி ஏறும்.

உங்கள் வீட்டு வாசலில் வைரவர் படம் இருக்கிறது, வடைமாலை சாத்துகிற நாளில் எனக்கும் இரண்டு வடை வரும். அவருடைய வாகனம் எது என்று நான் சொல்லப் போவதில்லை. சரி, இதை ஒரு வாதமாக வைக்கவில்லை, வாயில் வந்தது.

இந்த வேலைக்கு நாய்ப் பிரியர்கள் தேவையில்லை. மூன்றாம் மாடி உம்மா நாயைத் தொடுபவர் இல்லை, தொடவும் வேண்டாம். ஆனால் உப்பும் தூளும் போடாமல் சோறும் இறைச்சியும் தனியாக அவித்து, எலும்பு எடுத்து, பேரன் கையில் கொடுத்துவிடுகிறார். அவன் பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு ஓடிவிடுவான். அவித்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தும் என்று நான் சொன்னது ஒரே ஒரு முறைதான், அதற்குப் பிறகு ஒரு துண்டு எலும்பு வரவில்லை. பால் கொடுக்கிற நாய்க்கு வழமையைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு வேண்டும். வெறும் பாணில் அது நடக்காது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் நடுக்கம் எடுத்து, கால் விறைத்து, சில மணித்தியாலத்தில் உயிரே போகும். அவள் நடுங்குவதை யாராவது கண்டால், குளிர் என்று நினைத்துச் சாக்குப் போடாமல் எனக்கு உடனே சொல்லுங்கள்.

இனி நடக்கப் போவது இதுதான். குட்டிகளுக்குப் பூச்சி மருந்து இந்தக் கிழமை தொடங்கும். மூன்று வாரம் ஆனதும் தாய் சாப்பிட வெளியே வரும் நேரம் பார்த்து அவற்றைக் கையில் தூக்கிப் பழக்கத் தொடங்குவேன், பொடியன்களும் வரலாம். மூன்றிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மனிதர் கையைக் காணாத குட்டி வளர்ந்தால் தாயைப் போலவே நடுங்கும், அதை யாரும் வளர்க்க எடுக்க மாட்டார்கள். எட்டு வாரத்தில் முதல் ஊசிகள், பிறகு வீடுகள். இரண்டு கடுவனுக்கு இப்போதே ஆள் இருக்கிறது, ஒன்று தெஹிவளைக்கு. பெட்டைகள் மூன்றும் இழுபடும், எப்போதும் அப்படித்தான். கருத்தடை செய்வேன் என்று வாக்குத் தருகிறவருக்கு மட்டும்தான் கொடுப்பேன்.

தாயை யாரும் எடுக்கப் போவதில்லை, அதை ஒளிக்கவில்லை. பால் வற்றியதும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் கருத்தடையும் விசர்நாய்க்கடி ஊசியும் முடித்து, அடையாளத்துக்குக் காதோரம் ஒரு சிறு வெட்டோடு இதே ஒழுங்கைக்குத்தான் திரும்பி வருவாள். கட்டடத்துக்குள் இல்லை, வெளியே. அவளைக் கொண்டுபோகிற கூட்டை நான் இப்போதே கதவோரம் திறந்து வைத்து உள்ளே ஈரல் போடத் தொடங்கிவிட்டேன், பிடிக்கிற நாளில் தடியும் கயிறும் தேவைப்படாமல் இருக்க. செலவு என்னுடையது. பராமரிப்புப் பணத்தில் கை வைக்க மாட்டேன், கணக்கறிக்கையில் "நாய்" என்று ஒரு வரி வராது.

உங்களிடம் வேண்டுவது இரண்டு. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடி கொளுத்துவதைக் கடற்கரைப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். மற்றது, மோட்டர் திருத்துபவர் புதன்கிழமை வருகிறாராம். பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு வரச் சொல்ல முடியுமா? நான் வேலையால் வந்துவிடுவேன். சாப்பாடு வைத்து அவளைக் கதவுப் பக்கம் கூப்பிட்டு வைத்திருக்கிறேன், அவர் வெளி ஜன்னலால் பின்பக்கக் குழாயைப் பார்க்கலாம். ஒழுகுவது அந்த மூட்டுத்தான்.

அன்புடன்,
நான்காம் மாடி, கடல் பக்க வீடு