பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படி

அடியே ஒல்லி,

உன் மெயில் வந்து பத்து நாளாச்சு, கோச்சுக்காத. ஒரு பக்கம் முழங்கால் வலி, இன்னொரு பக்கம் பேத்திக்குப் பரீட்சை, நடுவுல கண்ணாடி பவர் மாறிப்போய் எழுத்தெல்லாம் கொசு மாதிரி பறந்துச்சு, புதுக் கண்ணாடி வந்து இப்பத்தான் ஸ்கிரீனை ஒழுங்கா பார்க்கறேன். ரிட்டயர் ஆனா நேரம் நிறைய கிடைக்கும்னு சொன்னாங்கல்ல, அவங்களைத்தான் தேடிட்டிருக்கேன்.

பழைய போட்டோ எல்லாம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தினேன்னு ரெண்டு பக்கம் எழுதிட்டு கடைசியில ஒரே வரியில கேட்டிருக்க, கீழ மூலையில சிவப்பா ஒண்ணு வந்து வந்து பயமுறுத்துது, எந்த ஆன்டிவைரஸ் வாங்கட்டும், கார்டு நம்பர் போட்டுடவான்னு. போட்டுட்டியா? போடலைன்னா கையை எடு, இதைப் படிச்சிட்டு அப்புறம் பாரு.

முதல்ல அந்தச் சிவப்பு யாருன்னு பார்க்கணும். அது கம்ப்யூட்டரோட சேர்ந்து வந்த ட்ரையல் ஆன்டிவைரஸா இருக்கலாம், கெடு முடியப்போகுதுன்னு நச்சரிக்கும், அது ஒரு வகை. இன்னொரு வகை இருக்கு, அதுல நானே ஏமாந்தேன். போன வருஷம் எம்பிராய்டரி டிசைன் தேடிட்டு ஒரு சைட்டுக்குள்ள போனேன், நீங்க ரோபோ இல்லைன்னா அலோ அழுத்துங்கன்னு வந்துச்சு, நான் எந்தக் காலத்துல ரோபோ, அழுத்திட்டேன். அன்னையில இருந்து அரை மணிக்கு ஒரு தடவை மூலையில கேடயம் படம் போட்டு "5 வைரஸ் உள்ளது, உடனே புதுப்பிக்கவும்". ராத்திரி தூக்கம் இல்லடி எனக்கு. அப்புறம் தம்பி பையன் வந்து அந்தப் பெட்டிக்குள்ள பொடி எழுத்துல என்ன இருக்கு பாருங்க அத்தைன்னான், பார்த்தா க்ரோம்னு போட்டு ஏதோ வாயில நுழையாத சைட் பேரு. அது வைரஸும் இல்ல, வைரஸ் எச்சரிக்கையும் இல்ல, ப்ரௌசர் நோட்டிஃபிகேஷன்ல வர்ற விளம்பரம், அந்த அலோவை அழுத்தினதே நான்தான். ப்ரௌசர் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன் லிஸ்ட்ல போய் அந்த சைட்டை எடுத்துவிட்டான், ஒரே நிமிஷம், வீடே அமைதியாயிடுச்சு. அதனால நீயும் அடுத்த தடவை வரும்போது க்ளோஸ் பண்ணாம, உள்ள பொடி எழுத்துல என்ன இருக்குன்னு படி. எதையும் க்ளிக் பண்ணாத, படிச்சா போதும்.

ஸ்கிரீன் முழுக்க வந்து பீப் பீப்னு கத்தி, இந்த நம்பருக்கு போன் பண்ணுங்கன்னு சொல்ற ரகமும் இருக்கு. மைக்ரோசாஃப்ட்டோட நிஜ எச்சரிக்கையில போன் நம்பரே இருக்காது, நம்பர் இருந்தாலே ஃப்ராடுன்னு வச்சுக்கோ. எஸ்கேப்பை அழுத்திப் பிடி, அப்பவும் மூடலைன்னா ஆல்ட்டும் எஃப் 4-ம் சேர்த்து அழுத்து, அதுக்கும் மசியலைன்னா மெஷினை ஆஃப் பண்ணிடு, ஒண்ணும் ஆகாது.

சரி, ஆன்டிவைரஸ். என் பதிலைக் கேட்டா நீ நம்பமாட்ட, வாங்கவே வேண்டாம். விண்டோஸுக்குள்ளயே டிஃபெண்டர்னு ஒண்ணு இருக்கு, அது போதும். நாம வேலைக்குப் போன காலத்துல அப்படி இல்ல, அப்ப வாங்கினது தப்பும் இல்ல. 2004-ல மைக்ரோசாஃப்ட் ஜயன்ட்னு ஒரு கம்பெனியை வாங்கி அவங்களோட ஸ்பைவேர், அதாவது நமக்குத் தெரியாம வேவு பார்க்கற சாஃப்ட்வேர், அதைப் பிடிக்கிற சாஃப்ட்வேரைத்தான் டிஃபெண்டர்னு பேர் மாத்தினாங்க, 2009-ல செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்னு தனியா இலவசமா கொடுத்தாங்க, 2012-ல விண்டோஸ் 8 வந்தப்பதான் முழு ஆன்டிவைரஸாவே உள்ள வச்சு அனுப்பினாங்க. ஆரம்பத்துல அதை எல்லாரும் கிண்டல் பண்ணாங்க, நானும்தான். இப்ப ஜெர்மனியில ஏவி-டெஸ்ட்னு ஒரு லேப் இருக்கு, பாதுகாப்பு, வேகம், உபயோகம்னு மூணுக்கும் ஆளுக்கு 6 மார்க், மொத்தம் 18, அதுல டிஃபெண்டர் சில வருஷமாவே முன் பெஞ்சுலதான் உட்கார்ந்திருக்கு. ஆஸ்திரியாவுல ஏவி-கம்பேரட்டிவ்ஸ்னு இன்னொரு லேப் அதோட குறையையும் சொல்றாங்க, நெட் இல்லாதப்ப கொஞ்சம் மந்தம்னு. இருந்தா என்ன, காசு கொடுத்து வாங்கறதும் அதே முன் பெஞ்சுலதான் இருக்கு. க்ளாஸ்ல பாதிப் பேர் தொண்ணூத்தஞ்சுக்கு மேல வாங்கினா ஃபர்ஸ்ட் ரேங்க் யாருன்னு சண்டை போடறதுல என்ன இருக்கு? மெஷினை இழுக்குதா, நல்ல ஃபைலையே திருடன்னு பிடிக்குதா, நாள் முழுக்க நச்சரிக்குதா, நான் இதைத்தான் பார்ப்பேன்.

ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா நல்லதுன்னு மட்டும் நினைக்காத. நான் நினைச்சேன். பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல காசு கொடுத்தது ஒண்ணு, இலவசம் ஒண்ணு, ரெண்டையும் போட்டேன், நான் ஒரு ஃபைலைத் திறந்தா அது பார்க்கும், அது பார்க்கறதை இது பார்க்கும், இது பார்க்கறதை மறுபடி அது பார்க்கும், ரெண்டு வாட்ச்மேன் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்ட கதைதான், மெஷின் ஆன் பண்ணிட்டு குளிச்சு முடிச்சு வந்தாலும் மணல் கடிகாரம் சுத்திட்டே இருக்கும். இப்ப வேற ஆன்டிவைரஸ் போட்டா டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கும், அதைத் தூக்கினா தானே எழுந்துக்கும். உன் ட்ரையலை அன்இன்ஸ்டால் பண்ணு, சிலது மிச்சம் மீதி விட்டுட்டுப் போகும், அதைச் செஞ்ச கம்பெனியே ரிமூவல் டூல்னு ஒண்ணு சைட்ல வச்சிருக்கும், அதையும் ஒரு தடவை ஓட்டு. ரீஸ்டார்ட் பண்ணி விண்டோஸ் செக்யூரிட்டின்னு தேடித் திற, பச்சை டிக் இருக்கணும்.

பச்சையை நம்பலையா, ஒத்திகை பார்க்கலாம். ஐகார்னு ஒரு டெஸ்ட் வரி இருக்கு, 68 எழுத்து, ஆபத்தே இல்ல, எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் மாதிரி பிடிக்கணும்னு எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கிட்ட வரி. ஐகார் சைட்ல இருந்து காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டி சேவ் கொடு. நான் போன வாரம் பண்ணேன், சேவ் கொடுத்து விரலை எடுக்கல, ஓரத்துல எட்டிப் பார்த்துச்சு. சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன், அவர் பேப்பரை இறக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இலவசமா இன்னொண்ணு டவுன்லோட் பண்ணலாமேன்னு உன் பையன் சொல்வான், அவன்கிட்ட அவாஸ்ட்னு ஒரு இலவச ஆன்டிவைரஸ் கதையைச் சொல்லு. பெரிய பேரு, கோடிக்கணக்கான பேர் வச்சிருந்தாங்க, அவங்களோட ஜம்ப்ஷாட்னு ஒரு கிளைக் கம்பெனி, ஆளுங்க எந்தெந்த சைட்டுக்குப் போறாங்கங்கற விவரத்தை வித்துட்டிருந்தது வெளிய வந்து 2020-ல இழுத்து மூடினாங்க, 2024-ல அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொல்லிச்சு. காவலுக்கு வச்ச ஆளே நாம யார் வீட்டுக்குப் போறோம்னு குறிப்பெடுத்து வித்தா எப்படி? இந்த சாஃப்ட்வேர் எல்லாம் மெஷினோட அடி ஆழம் வரைக்கும் போற சாவியை வாங்கிக்குது. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா, ஏர்போர்ட்ல எல்லாம் நீல ஸ்கிரீன் வந்துச்சே, அது ஹேக்கர் வேலையே இல்ல, க்ரவுட்ஸ்ட்ரைக்னு ஆபீஸ்களுக்கான செக்யூரிட்டி சாஃப்ட்வேர் அனுப்பின ஒரு தப்பு அப்டேட், 85 லட்சம் மெஷின் படுத்துடுச்சு.

காசு கொடுத்து வாங்கறது எல்லாமே வீண்னு சொல்லல. வீட்ல அஞ்சாறு மெஷின், போன், சின்னப் பசங்க என்ன பார்க்கறாங்கன்னு கட்டுப்பாடு வேணும், ஏதாவது ஆச்சுன்னா கேக்க ஒரு ஆள் வேணும்னா வாங்கிக்கலாம். ஆனா முதல் வருஷ விலை ஒண்ணு, ரெண்டாம் வருஷம் தானா கார்டுல எடுக்கற விலை ஒண்ணு, ஆட்டோ ரெனியூவலை வாங்கின அன்னைக்கே ஆஃப் பண்ணணும். உனக்கு இருக்கறது ஒரே ஒரு மெஷின், அதுல நீ பண்றது மெயில், பேங்க், போட்டோ.

உனக்கு நிஜமா வேண்டியது வேற. அப்டேட் வந்தா அப்புறம்னு தள்ளுவியே அந்தப் பழக்கத்தை விடு. 2017 மே 12-ம் தேதி வானாக்ரைன்னு ஒரு ரேன்சம்வேர், ஃபைலையெல்லாம் பூட்டிட்டு காசு கேக்கற வைரஸ், உலகத்தையே ஆட்டிச்சுல்ல, ஆஸ்பத்திரி எல்லாம் ஸ்தம்பிச்சு நின்னுச்சே, அது நுழைஞ்ச ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ம் தேதியே அடைச்சு அப்டேட் அனுப்பியாச்சு. ரெண்டு மாசம் டைம் இருந்துச்சு! நீ வச்சிருக்கறது விண்டோஸ் 10-ஆ 11-ஆ, அதையும் எழுது, 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு.

அப்புறம் ஃபைல் பேரோட வால். 2000-ல ஐ லவ் யூன்னு மெயில் வந்து ஆபீஸ் ஆபீஸா கவுத்துச்சே, எங்க மேனேஜரே திறந்தாரு, அவருக்கு யாரு லவ் லெட்டர் அனுப்புவான்னு நாங்க சிரிச்ச சிரிப்பு. அந்த ஃபைல் பேரு டிஎக்ஸ்டின்னு முடியற மாதிரி தெரியும், நிஜத்துல அதுக்கப்புறம் விபிஎஸ்னு ஒரு வால், விண்டோஸ் அந்த வாலை மறைச்சுடும். இன்னைக்கும் அதே வித்தைதான், பில்னு பிடிஎஃப் மாதிரி வரும், கடைசியில எக்ஸ்இ இருக்கும், அதாவது திறந்தா ஓட ஆரம்பிக்கற ப்ரோக்ராம். ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல வியூவுக்குள்ள ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்னு இருக்கும், டிக் பண்ணு, வால் தெரியும்.

இவ்வளவும் பண்ணாலும் ஒரு நாள் அசதியில ஏதாவது அழுத்திடுவோம், வயசு அப்படி. ரேன்சம்வேர் வந்து பூட்டிட்டா ஆன்டிவைரஸ் அப்புறம் அந்த வைரஸைத் தூக்கலாம், பூட்டின போட்டோவைப் பெரும்பாலும் திறக்க முடியாது. அதனால ஆன்டிவைரஸுக்கு வச்சிருந்த காசுல ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கு, மாசம் ஒரு தடவை சொருகி, காப்பி பண்ணி, கழட்டி பீரோவுல வை. கழட்டறதுதான் முக்கியம், சொருகியே இருந்தா அதையும் சேர்த்துப் பூட்டிடும். மூணு காப்பி இருக்கணும், ரெண்டு விதமான இடத்துல, அதுல ஒண்ணு வீட்டை விட்டு வெளியன்னு இந்த ஃபீல்டுல இருக்கறவங்க சொல்வாங்க. கம்ப்யூட்டர்ல ஒண்ணு, பீரோவுல ஒண்ணு, வெளிய இருக்க வேண்டியதை எனக்கு அனுப்பு. மெயில்ல தாங்காது, ஒரு பென் டிரைவ்ல போட்டு அனுப்பு, நான் பத்திரமா வச்சிருக்கேன். மூணாவது வரிசையில நான் கண்ணாடியைக் கழட்டி ஒளிச்சு வச்சுட்டு எங்கயோ பார்த்துட்டு நிக்கற அந்த க்ளாஸ் போட்டோ கண்டிப்பா இருக்கணும், எங்கிட்ட இருந்தது வீடு மாத்தினப்ப தொலைஞ்சுபோச்சு.

உன்
சோடாபுட்டி

பி.கு: அந்தப் பொடி எழுத்துல என்ன இருந்துச்சுன்னு எழுது. கார்டு நம்பர் ஏற்கனவே போட்டுத் தொலைச்சிருந்தா வெட்கப்படாம உடனே பேங்குக்கு போன் போட்டு கார்டை ப்ளாக் பண்ணச் சொல்லு, எனக்கு அப்புறம் எழுது.