சால்வையை நெய்தவர்களையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் சால்வைகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். 15-ஆம் நூற்றாண்டில் சுல்தான் சைனுல் ஆபிதீன் கைவினைஞர்களை ஆதரித்ததும், பிரெஞ்சுப் பேரரசி ஜோசபின் அச்சால்வைகளை விரும்பி அணிந்ததும் அதில் அழகாகச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால் தறியில் உட்கார்ந்தவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது, நெசவுக் குடும்பத்தில் பிறந்த எனக்கு வருத்தமளித்தது.

காஷ்மீரின் கானி சால்வையின் பூவேலைப் பகுதியில் நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுசெல்லும் கருவி) ஓடுவதில்லை. ஒவ்வொரு நிற நூலும் 'கானி' எனப்படும் சிறு மரக்குச்சியில் சுற்றப்பட்டிருக்கும். எந்த நிறம் எத்தனை பாவிழையை (தறியில் நீளவாக்கில் கட்டிய நூலை)க் கடக்க வேண்டும் என்பதை 'தாலிம்' என்ற குறியீட்டுத் தாளைப் பார்த்து நெய்பவர் கையால் கோத்துச் செல்கிறார். கரையைத் தனி நூலால் நெய்து உடலோடு கோக்கும் கோர்வைச் சேலையில், உடலும் கரையும் பிணையும் இடத்தை அறிந்தவர்களுக்கு இந்த வேலை எளிதில் விளங்கும். கானியில் அந்தப் பிணைப்பு ஒவ்வொரு இதழின் விளிம்பிலும், ஒவ்வொரு இலையின் நுனியிலும் நிகழ்கிறது. சால்வையைத் திருப்பித் தடவினால் அது மெல்லிய வரப்புப்போல விரலில் தட்டுப்படும். நாள் முழுவதும் உழைத்தாலும் துணி சில சென்டிமீட்டரே வளரும்.

இப்படி நெய்தவர்களின் மீதுதான் 'தாக்' என்னும் முத்திரை வரி சுமத்தப்பட்டது. 1846-ஆம் ஆண்டு அமிர்தசரஸ் உடன்படிக்கையின்படி, ஆங்கிலேயரிடமிருந்து காஷ்மீரைப் பெற்ற ஜம்மு அரசர் குலாப் சிங் ஆண்டுதோறும் ஒரு குதிரை, 12 ஆடுகள், மூன்று இணை சால்வைகள் ஆகியவற்றை ஆங்கிலேயருக்குக் கப்பமாகச் செலுத்த ஒப்புக்கொண்டார். அவருடைய மகன் ரண்பீர் சிங்கின் ஆட்சியில், வரிக்கொடுமை தாளாமல் 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரின் சால்தாகரில் திரண்ட நெசவாளர்களைப் படையினர் தாக்கியதில் 28 பேர் மாண்டதாகச் சொல்லப்படுகிறது. 1870-இல் மூண்ட பிரெஞ்சு–பிரஷ்யப் போரால் முக்கியச் சந்தையான பிரான்சும் சரிந்தது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் வந்த கொடும் பஞ்சம் எஞ்சிய தறிகளையும் குலைத்தது. இதற்கிடையே ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து ஜக்கார்டு தறிகள் (துளையிட்ட அட்டைகளால் வடிவத்தை நெய்பவை) காஷ்மீரின் மாங்காய் வடிவத்தை நகலெடுத்துக் குவித்தன. இன்று உலகம் அவ்வடிவத்தை அழைப்பது நகலெடுத்த ஊரின் பெயரால்தான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் 'கை நெசவு பஷ்மினா' (காஷ்மீர் ஆட்டின் மென்மயிர்ச் சால்வை) என்று சொல்லி எனக்கு ஒரு சால்வையை விற்றார்கள். வீட்டில் திருப்பிப் பார்த்தபோது, பின்புறமெங்கும் வெட்டிவிட்ட ஊடைகளின் பிசிறுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அது இயந்திரத் தறித் துணி. காசு போனதைவிட, அந்தப் பெயரால் விலைபோக வேண்டிய உண்மையான சால்வை ஒன்று எங்கோ மடித்தபடியே கிடக்குமே என்பதுதான் மனத்தை அறுத்தது.

லடாக்கின் சாங்தாங் மேட்டுநில ஆடுகளின் மென்மயிரை 'யெண்டர்' என்னும் கைராட்டையில் நூற்பவர்கள் காஷ்மீரப் பெண்கள். இயந்திரத்தில் நூற்பதற்கு அந்த மயிருடன் நைலான் கலந்து, பின்னர் அமிலத்தால் கரைத்து நீக்குகிறார்கள். அதனால் இழை வலுவிழப்பதோடு, அப்பெண்களின் கூலியும் போகிறது. கையால் நூற்றுக் கையால் நெய்ததற்கே, காஷ்மீர்ப் பஷ்மினா 2008-இல் பெற்ற புவிசார் குறியீடு (ஊரின் பெயரால் பொருளுக்குத் தரும் சட்டப் பாதுகாப்பு) பொருந்தும். அந்த முத்திரையை வாங்குபவர் எப்படிச் சரிபார்ப்பது என்பதையும், இந்த நூற்புப் பெண்களின் இன்றைய நிலையையும் அடுத்த இதழில் விரிவாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஆரணி