இ.என்.24-க்கு ஆர்டர் போடாதே

அன்புள்ள முருகேசா,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை, திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை.

ஷாஃப்ட் (சுழலும் தண்டு) அதே இடத்தில் மறுபடி உடைந்ததால், மணியண்ணன் இ.என்.24 என்ற விலை கூடிய, பலமான ஸ்டீலைப் போடச் சொல்கிறாரா? விலையைப் பார்த்துத் தரம் சொல்லும் பழக்கம் அவரை விடவில்லை! பொறு. உடைந்த முகத்தை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பார். சிப்பி ஓட்டில் உள்ளதுபோல் வளைவு வளைவாய் வரி ஓடி, ஒரு பகுதியில் மட்டும் சொரசொரப்பாக இருந்தால் அது ஃபெட்டீக், அதாவது திரும்பத் திரும்பச் சுமை விழுந்து விரிசல் மெல்ல வளர்ந்து வந்த முறிவு. வரிகள் கிளம்பும் இடத்தில்தான் கோளாறு. பேரிங் உட்காரும் 45 மி.மீ. பகுதி முடிந்து விட்டம் மாறும் படியில் கூர்மூலை விட்டிருப்பார்கள் என்றே படுகிறது. அங்கே ரேடியஸ் போடு, மூலையை வளைவாக்கு. உன் 6209 பேரிங்குக்கு 1 மி.மீ. தாண்டினால் பேரிங்கின் உள்வளையம் தோளில் (படியின் சுவரில்) ஒட்டி உட்காராது. கூடுதலாக வேண்டுமென்றால் இடையில் ஸ்பேசர் ரிங் வை. டூல் மார்க் தெரியாமல் எமரியும் பிடிக்கணும். மூலையை அப்படியே விட்டு இ.என்.24 போட்டால் பாதிக் காசு வீண்: பலமான ஸ்டீலுக்குக் கீறல் இன்னும் ஆகாது.

ஷாஃப்ட் வளைகிறது என்றும் எழுதியிருக்கிறாய். ஓடும்போது வளைந்து நின்றதும் நிமிர்ந்தால், எந்த ஸ்டீலும் அதை மாற்றாது. மைல்டு ஸ்டீல், இ.என்.8, இ.என்.24 எல்லாவற்றுக்கும் ஸ்டீலின் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே, 200 கிகாபாஸ்கல் சுமார். விட்டம்தான் மருந்து. நீளம் முழுக்க 45-ஐ 50 ஆக்கினால் ஷாஃப்ட்டின் விறைப்பு ஒன்றரை மடங்கு. நின்ற பிறகும் வளைந்தே கிடந்தால் மட்டும் பலமான ஸ்டீலைப் பற்றிப் பேசலாம்.

இ.என். எண்களைத் தர வரிசை என்று நினைக்காதே. அது பிரிட்டிஷ் பட்டியல் எண், அவ்வளவுதான். இ.என்.31 பேரிங் ஸ்டீல், ஒரு சதவீதம் கார்பன். கெட்டியாக்கினால் அடி தாங்காது. நம் இந்தியப் பெயர் விவரம் சொல்லும்: 40 சி 8 என்றால் கார்பன் 0.40, மாங்கனீசு 0.8 சதவீதம். இ.என்.8 அதுதான். உனக்கு அது போதும். டெஸ்ட் சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண்) கம்பியிலும் இருக்கிறதா பார்த்து வாங்கு.

தேய்ந்த இடத்தில் வெல்டு வைத்து ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. முன்சூடு இல்லாமல் வெல்டு போட்டால் ஓரத்தில் விரிசல் விடும், அதுவே அடுத்த முறிவுக்கு ஆரம்பம்.

உடைந்த முகத்தின் படத்தை இன்றே அனுப்பு. கீ-வே (சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) மூலையையும் சேர்த்து எடு.

அன்புடன்,
ரவி