ஆரஞ்சு டாங்கில் எஞ்சின் ஏது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில், விண்வெளிக்குப் போய்த் திரும்பிய அமெரிக்காவின் ஷட்டில் ஓடங்கள் ‘ஓடி ஓடித் தேய்ந்ததால்’ ஓய்வு பெற்றன என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். டவுன் பஸ் என்று நினைத்தாரோ என்னவோ. ஒவ்வொரு ஷட்டிலும் 100 முறை பறக்க வடிவமைக்கப்பட்டது. அதிகம் பறந்த டிஸ்கவரியே 39 முறைதான்; 2011 ஜூலை 21-ல் கடைசியாகத் தரையிறங்கிய அட்லாண்டிஸ் 33. தேய்மானம் எங்கே வந்தது?

கோளாறு, ஆட்கள் உட்கார்ந்த இடத்தில். ஷட்டில் ராக்கெட்டின் உச்சியில் இல்லை, எரிபொருள் நிரப்பிய ஆரஞ்சு டாங்கின் பக்கவாட்டில் தொங்கியது. மேலே எது பெயர்ந்தாலும் அதன் தலையில்தான். டாங்கிலிருக்கும் எரிபொருளான திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி செல்சியஸ். டாங்கின் வெளியே பனிக்கட்டி பிடிக்காமலிருக்கத்தான் ஃபோம் பூச்சு. 2003-ல் ஒரு கிலோகூடத் தேறாத ஃபோம் துண்டு, கிளம்பிய 82-வது விநாடியில் பெயர்ந்து, மணிக்கு 800 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் கொலம்பியா ஷட்டிலின் இடது இறக்கை விளிம்பில் மோதியது. 16 நாள் கழித்துத் திரும்புகையில் அந்த ஓட்டை வழியே கொதிவாயு புகுந்து இறக்கையை உள்ளிருந்தே உருக்கியது. அதில் உயிரிழந்த கல்பனா சாவ்லாவின் நினைவு நாள்தோறும் ‘வெடித்துச் சிதறியது’ என்று அச்சிடுகிறீர்களே, வெடிக்கவில்லை ஐயா. அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே, விண்வெளி நிலையம் கட்டி முடிந்ததும் ஷட்டிலை நிறுத்துவதென்று அறிவித்துவிட்டார்கள். தாங்கள் அறியாததல்ல.

படமோ அதற்கு மேல். ஆரஞ்சு டாங்குக்கு அம்புக்குறி போட்டு ‘முதன்மை ராக்கெட்’! அதில் எஞ்சினே கிடையாது. மூன்று எஞ்சின்களும் ஷட்டிலின் வாலில். அந்த ஆரஞ்சும் பெயின்ட் அல்ல, ஃபோமின் நிறம். முதல் இரண்டு பயணங்களுக்கு வெள்ளையடித்தார்கள். சுமார் 270 கிலோ எடை குறையும் என்று பிறகு விட்டுவிட்டார்கள்.

‘விண்வெளிக் கனவுக்கு முற்றுப்புள்ளி’ என்று தலைப்பு வேறு. ஷட்டிலில் பறந்த எஞ்சின்கள் நான்குதான் 2022 நவம்பரில் நிலாப் பயணமான ஆர்ட்டெமிஸ்-1-ஐத் தூக்கின. கழற்றிச் சோதித்துத் திரும்பத் திரும்பப் பறக்கவிட்ட எஞ்சினை இப்போது ஒரே தடவையில் கடலுக்குக் கொடுக்கிறார்கள்; வருந்துவதானால் அதற்கு வருந்தியிருக்கலாம். ஆனால் ஆர்ட்டெமிஸின் ஆட்கள் ஏறும் கலமான ஒரையனில் ஆட்கள் உச்சியில், அவர்களுக்கும் மேலே தப்பிக்கும் ராக்கெட். ஆட்களை ஏற்றிச்செல்லப்போகும் நம் ககன்யானும் அப்படியே. 2023 அக்டோபர் 21-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் அந்தத் தப்பிக்கும் அமைப்பைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள்.

கட்டுரையைத் திருத்தச் சொல்லவில்லை. பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டும் படம் என்பதால், அந்த அம்புக்குறியை மட்டும் வாலுக்கு நகர்த்தி அடுத்த இதழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்